தனிக் கோப்பை

யெனிசெய் உறைந்த வாரம் என் கணவரைப் புதைத்தோம்.
கடப்பாரையால் நிலத்தைப் பிளந்தவன் சவ்வாத்தி,
அக்கரைக் கோவில்காரன்,
மூன்று விரல் கூட்டிச் சிலுவை போடுகிறவன்.
எங்களுக்கு இரண்டு.
அந்த ஒற்றை விரலுக்காக
எங்கள் முப்பாட்டன்களை எரித்தார்கள்.

போன கோடையில்
மரவாடி ரம்பம் அவன் கட்டைவிரலைத் தின்றது.
குழிமேட்டில் கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்;
சேர்ந்து நிமிர்ந்தவை இரண்டே,
எங்கள் படங்களில் கிறிஸ்துவுக்கு இருப்பதுபோல.
யெவ்லாம்பி இருமினார்.
"அது விசுவாசமில்லை, விபத்து."

சவ்வாத்தி தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டான்.
வேற்றாருக்கென்று கதவோரம் தொங்கும்
தகரக் கோப்பையில்தான் கொடுத்தேன்.

கழுவி வெகுநேரம் ஆகிறது.
இன்னும் கையில் வைத்திருக்கிறேன்.
ஆணி
எட்டும் தூரத்தில்தான்.