இரண்டு நிமிசம்

மல்லியப்புச் சந்திக்கு ஏறும் வளைவில்
ஒரு மின்கம்பம். மஞ்சள் விளக்கு.
பனிமூட்டத்திலும் அதன் கீழே முகம் தெரியும்.
ஒன்பது வருசம் அங்கேதான் நின்றேன்.

லொறி நிற்கும். கண்ணாடி இறங்கும்.
அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நிமிசம்.
வாயில் சாராயமா, கசிப்பா,
கை எங்கே இருக்கிறது,
பின்னால் இன்னொருத்தன் படுத்திருக்கிறானா,
விலை சொன்னால் சிரிக்கிறானா, முறைக்கிறானா.
உறை போட்டால்தான் என்பேன்.
சிலரிடம் மாட்டேன் என்றிருக்கிறேன்,
வீட்டில் அரிசி இல்லாத நாளிலும்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது.
வாங்குகிறவன்தான் குற்றவாளியாம், விற்கிறவள் இல்லையாம்.
கொழும்பிலிருந்து வந்த மிஸ் தமிழில் வாசித்துக் காட்டினார்.
பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோசம்.
கோட்டில் நான் குந்தியிருந்த அதே வாங்கில்
இனி வாங்க வந்தவன் குந்துவான் என்று
ரஞ்சிதமலர் சொல்ல
பிளேன்ரீ சிந்தச் சிந்தச் சிரித்தோம்.

முதல் மாதம் மூன்று பேர் பிடிபட்டார்கள்.
ஒருவன் கந்தப்பளை கரட் லொறிக்காரன்.
ஒருவனை எங்களுக்கே தெரியாது.
மற்றவர் டிக்கோயாப் பக்கம் தோட்டத்துக் கிளாக்கர், சவரியப்பன்.
சம்பளத்துக்கு மறுநாள் மட்டும் வருவார்.
சப்பாத்தைச் சோடியாகக் கதவோரம் வைப்பார்.
வேலை போனது. குவாட்டர்ஸ் போனது.
அவர் மனைவி மார்க்கட்டில் என்னை மறித்தாள்.
அடிக்கப்போகிறாள் என்று பையை நெஞ்சோடு பிடித்தேன்.
“அந்த மனுசன் எப்ப இருந்து வாறாரு?”
அவ்வளவுதான் கேட்டாள்.
“இந்த வருசந்தான்” என்றேன்.
பொய்யென்று அவளுக்குத் தெரிந்தது.
தெரிந்துகொண்டே கோவாவுக்கு விலை பேசப் போனாள்.

இப்போது கம்பத்துக்குப் பக்கத்தில் பொலிஸ் நிற்கிறது.
என்னை ஒன்றும் செய்வதில்லை.
“நீ நில்லு நங்கி, பயப்படாதே” என்கிறார் சார்ஜன்ட்.
தூண்டில் போடுகிறவன்
புழுவோடு கோபிப்பானா?

அதனால் மேலே ஏறினேன், டர்பன்டைன் மரங்களுக்குள்.
அங்கே விளக்கு இல்லை. அட்டை உண்டு.
வருகிறவன் ஹெட்லைட்டை அணைத்துவிட்டே வருகிறான்.
“ஏறு, ஏறு, சுருக்கா ஏறு.”
முகம் பார்க்க முடியாது. மூச்சை மோந்து பார்க்க நேரமில்லை.
பயந்தவனின் கை கனமாக இருக்கும்,
இது அடிபட்டுத் தெரிந்துகொண்டது.
“மாட்டினா நாந்தானே மாட்டுவேன், குறைச்சுக்க” என்கிறான்.
அவன் பயத்துக்கும்
நானே கழிவு கொடுக்கிறேன்.

யார் யார் வராமல் போனார்கள் என்று
ஒரு ராத்திரி எண்ணிப் பார்த்தேன்.
வெட்கப்படத் தெரிந்தவர்கள்.
இழக்க ஏதோ வைத்திருந்தவர்கள்.
மிச்சப்பேர் வருகிறார்கள்.

ஐப்பசி மழையில் ரஞ்சிதமலரின் மணிக்கட்டு முறிந்தது.
வண்டி என்ன நிறம்? இருட்டு.
நம்பர்? இருட்டு.
படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள்.
அந்த வாரமே அறைக்காரர் சாவியைக் கேட்டார்.
இடம் கொடுத்தவனையும் பிடிப்பார்களோ என்று
அவருக்கு ஒரு பயம்.

மிஸ் திரும்பவும் வந்தார், படிவத்தோடு.
ஆட்கள் வருவது குறைந்திருக்கிறதா?
ஆமாம் என்றேன். சந்தோசமாகச் சரி போட்டுக்கொண்டார்.
நல்ல பெண். குடை மறந்து வந்திருந்தார்,
என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

நேற்று ஹட்டன் டவுனில் ஒரு டோர்ச் வாங்கினேன்.
ராத்திரி, கதவைத் திறந்தவனின் முகத்துக்கு நேரே அடித்தேன்.
“ஐயோ” என்று கையால் மறைத்தான்.
இருபத்தைந்து இருக்கும். மீசையை அன்றுதான் வழித்திருந்தான்.
உதடு என்னுடையதைவிட அதிகமாக நடுங்கியது.
வண்டியைப் பின்னுக்கு எடுத்துப் போயே போய்விட்டான்.

அன்றைய காசு போனது.
ஆனாலும் ஒரு முகம் பார்த்தேன், ரொம்ப நாளைக்குப் பிறகு.
பற்றரி இரண்டு, முந்நூற்றிருபது ரூபா.