பின்பக்கத் திரை

ரிச்சி தெருவில்
மெமரி கார்டு விற்கும் கடைக்கு மாடியில்
என் கேமராவின் முதுகைத் திறந்து வைத்திருக்கிறான் இஸ்மத்.
"ஃபிலிம் ஓடுற இடத்துல சென்சார்.
வெளிய சின்னதா ஒரு திரை.
மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."
லீவரைக்கூட விட்டுவைப்பானாம்,
சும்மா இழுத்துக்கொள்ள.

பேட்டரி மேல் எனக்கு விரோதமில்லை.
பல் தேய்ப்பதே பேட்டரியில்தான்.

ஆனால் நேற்று விடியலில், காசிமேட்டில்,
வஞ்சிரம் ஏலம் விட்ட தேசம்மாவை எடுத்தேன்.
க்ளிக்.
குனிந்து பார்க்க ஒன்றுமில்லாததால்
நிமிர்ந்தே நின்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்,
ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்டவனைப் பார்த்து,
கடைவாய் வெற்றிலை தெரிய.
அது எந்தச் சுருளிலும் இல்லை.
என்னிடம் இருக்கிறது.

இதைச் சொன்னால் இஸ்மத் மூடிவிடுவான்.
சொல்லவில்லை.
மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்:

ஈரக்கையோடு வந்து
"எங்க, காட்டு" என்றாள்.
கழுவணும்க்கா, அடுத்த வாரம்.
வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.
கறுப்பு மூடி.
"அடுத்த வாரமா?
அதுக்குள்ள மீனு நாறிடும் கண்ணு."

ஸ்க்ரூட்ரைவரோடு காத்திருக்கிறான்.
திரை வரப்போகும் இடத்தில்
காய்ந்து ஒட்டியிருக்கிறது
ஒரு மீன்செதில்.
நகத்தால் சுரண்டப் போனவனை
"இரு" என்றேன்.