மூன்றாம் எண் கூண்டு

ராமநாதபுரம், பாரதி நகர்.
டயர் கடைக்கு மேல்மாடியில்
எனக்கு ஒரு நாற்காலி, இரண்டு திரை,
முப்பத்தெட்டுப் பேரின் நாடித்துடிப்பு.
ஏசி ஓடுவது எனக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக.

எண் பதினேழு நம்புராணி.
வயது நாற்பத்தொன்று, சின்னப்பாலம்.
பாசி எடுக்கிறவள்.
கையில் பட்டை கட்டிய முதல் நாளே
என்னைச் சாகடித்தாள்.
ஆக்சிஜன் தொண்ணூற்றேழு,
எண்பத்தொன்பது,
எண்பத்திரண்டு.
சிவப்பு விளக்கு, அலறல்.
நான் போனை எடுப்பதற்குள் மறுபடி தொண்ணூற்றாறு.
அப்புறம் மறுபடி எண்பத்தொன்று.
ஒரு காலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு முறை
செத்துச் செத்துப் பிழைத்தாள் என் திரையில்.

கரையேறி அவளே கூப்பிட்டாள்.
"என்னக்கா இத்தனை மிஸ்டு கால்?
முங்குனா மூச்சு விடமுடியுமா?
முங்காம இருந்தா மரிக்கொழுந்து
தானா வந்து மடியில விழுமா?"

விரலுக்குத் துணி சுற்றி,
பட்டைக்கும் துணி சுற்றி,
புடவை மேல் மகனின் பள்ளிக்கூடச் சட்டை போட்டு
அவள் இறங்குவாள்.
போன் வத்தையில் கிடக்கும், பாலித்தீன் பைக்குள்,
சோற்று வாளிக்குள்.
சில நாள் அது அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
இலங்கைக்கு வரவேற்கும்.
அன்றைக்கு அவள் துடிப்பு மட்டும்
எல்லை தாண்டிப் போய்த் திரும்பி வரும்.
யாரும் பிடிக்க மாட்டார்கள்.

"இதெல்லாம் எங்கக்கா சேருது?"
மேகத்தில் என்றேன்.
அப்படித்தான் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்.
சிரித்தாள், வெகுநேரம்.
"நம்ம ஊர்ல ஏது மேகம்?
ஒரு குடம் இறங்குமா கேட்டுச் சொல்லு,
லாரி வந்து அஞ்சு நாளாச்சு."

அலறல் தாங்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை
எந்திரத்துக்கு நானே சொல்லிவைத்தேன்:
எண் பதினேழுக்கு எண்பது வரை வழக்கம்.
அது கேட்டுக்கொண்டது.
அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை முங்கினாலும் பச்சை.
நிம்மதியாக டீ குடித்தேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம்.
கீழே டயர் கடைப் பையன்
தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே
யாருக்கோ கத்திச் சொன்னான்,
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாச்சாம்,
அண்ணன் படகைக் கட்டிப்போட்டுவிட்டானாம்.
நான் திரையைப் பார்த்தேன்.
எண் பதினேழு எண்பத்து மூன்று. பச்சை.

கூண்டு ஏற்றிய நாளில்
எந்த வத்தை இறங்கும்?

எண்பத்து மூன்று.
நாலு நிமிடம். எண்பத்து மூன்று.
ஒன்பது நிமிடம்.
இவ்வளவு நேரம் எந்தப் பெண்ணும் முங்குவதில்லை.
திரை பச்சையாகவே இருந்தது.
நான் சொல்லிக்கொடுத்த பச்சை.

பக்கத்து வீட்டு ஜெயராக்கினிதான் போனை எடுத்தாள்.
மூன்று நாளாய்க் காய்ச்சலாம்,
சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறாளாம்,
உதடு ஒருமாதிரி இருக்கிறதாம்.
நூற்றெட்டு பாலம் தாண்டிப் போவதற்குள்
காற்று என் ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிப் போட்டது.

பிழைத்துக்கொண்டாள். நிமோனியா என்றார்கள்.
அறிக்கையில் மேலாளர் எழுதினார்:
எங்கள் அமைப்பு உரிய நேரத்தில் எச்சரித்தது.
நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு அவள் கோப்பைத் திறந்தேன்.
தொழில்: இல்லத்தரசி.
யார் நிரப்பியது? நான்தான்.
மாற்றப் போனால் பட்டியலில்
மீனவர் உண்டு, விவசாயி உண்டு,
சுயதொழில், கூலி, ஓய்வூதியர் உண்டு.
தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பாறையில் பாசி பறிப்பவளுக்குக் கட்டம் இல்லை.

"மற்றவை" என்று அழுத்தினேன்.
எண்பதைத் தொண்ணூறாக்கினேன்.

தை பிறந்து, காற்று அடங்கி,
இன்று காலை ஆறு ஐம்பதுக்கு
மறுபடி அலறுகிறது.
அலறட்டும்.
ஒவ்வொரு முறையும் எழுந்து பார்க்கிறேன்,
எண் மேலே வரும்வரை
என்னையறியாமல்
மூச்சை விடாமல்.