சராத்தவ்வில் ஒன்பது நாள்

பாசையூரில் ஏலம் முடிந்து
ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டால்
இப்போதும் கால் ஒருதரம் பின்வாங்கும்.

அனிற்றாவின் ஹொஸ்டலுக்குக் கீழே வொல்கா.
"இறங்குங்கோ அப்பா, உடையாது" என்றாள்.
ஐம்பத்திரண்டு வயதில்
நடை பழகினேன்.

ஆற்றின் நடுவில் ஒருத்தன்,
பெட்டியில் குந்தியபடி,
பனியில் துளையிட்டுத் தூண்டில் விட்டு
யாரோடும் கதைக்காமல்.
தெருப்பெயர் ஒன்றும் வாசிக்க ஏலாத ஊரில்
அவனை மட்டும் வாசிக்க முடிந்தது.

எங்கட கடலும் நடக்கிற கடல்தான் என்று
சொல்ல வந்தேன்.
மண்டைதீவுப் பக்கம் இடுப்பளவு நீரில்
பறி தூக்கி யேசுதாசன் போகிறதை
எந்தப் பாஷையில் சொல்ல?
இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.
முதுகு நோவாக்கும் என்று நினைத்து
போத்தலை நீட்டினான்.

விரல் நீள மீன், மூன்றே மூன்று.
விலை கேட்க வாய் உன்னியது.
ஏலக்காரன் புத்தி.

இன்றைக்குப் பண்ணைப் பாலத்தில்
சைக்கிளை நிறுத்தினேன். கொளுத்துகிற வெயில்.
தூரத்தில் ஒருத்தன்
தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தான்.
படம் எடுத்து அனிற்றாவுக்கு அனுப்பினேன்.

"இங்க ஐஸ் உருகிட்டுது அப்பா,
அந்தாளை இப்ப காணேல்லை"
என்று பதில் வந்தது.