புகையான்

முதல் போன் எப்போதும் ஐப்பசிக் கடைசியில் வரும்.
"வட்டம் விழுந்துடுச்சு மேடம்."

கொரடாச்சேரி தாண்டி வெண்ணாற்றங்கரை.
தைரியநாதனின் சம்பாவுக்கு நடுவில்
நெருப்பில்லாமல் கருகிய ஓர் இடம்.
சுடுசட்டியை யாரோ இறக்கிவைத்துவிட்டு
எடுத்துக்கொண்டு போனது போல.

தூரடியில் குனிகிறேன்,
முழங்கால்வரை சேறு, வாயில் ரப்பர் குழாய்.
உறிஞ்சினால் பூச்சி சீசாவுக்குள்.
வடிதுணி கிழிந்திருந்தால் தொண்டைக்குள்.
இருபத்து மூன்று வருடத்தில் மூன்று தடவை.
ருசி, நனைந்த வைக்கோல்.

வருடத்துக்குப் பத்துத் தலைமுறை என்றால்
அவர்களுக்கு இருநூற்று முப்பது ஆயிற்று.
எனக்கு
ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி,
இரண்டு பதவி உயர்வு,
மூன்றாவதற்கு ஒரு வழக்கு.

காட்டு நெல்லிலிருந்து ஒரு ஜீனை எடுத்து
எங்கள் ரகத்துக்குள் கொண்டுவர ஏழு வருடம் பிடித்தது.
பூச்சி ஊசி குத்திய இடத்தில்
சாற்றுக்குழாயைத் தானே அடைத்துக்கொள்ளும் பயிர்.
விழாவில் கலெக்டர் நாற்று நட்டார், ஒரு முடி,
காலில் பிளாஸ்டிக் உறையோடு.

ஆறு சம்பா தாங்கியது.
ஏழாவதில் வந்தவர்கள் எல்லோரும்
அடைப்பைக் கரைக்கத் தெரிந்த ஒருத்தியின் பேத்திகள்.

விசாரணைப் படிவத்தில் ஒரு கேள்வி:
தோல்விக்கு யார் பொறுப்பு?
பதிலுக்கு இரண்டு அங்குலம் இடம்.
'யாரும் தோற்கவில்லை, தேர்வு நடந்திருக்கிறது'
என்று எழுதி அனுப்பினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
எந்தத் தேர்வு? தேதி குறிப்பிடவும்.

பிறகு கஜா.
பதினேழு நாள் கரண்ட் இல்லை.
ஃப்ரீசரில் பதினொரு வருடத்துப் பூச்சிகள்,
ஊர் வாரியாக, பருவம் வாரியாக.
பக்கிரிசாமி ஐஸ் கட்டி தேடி சைக்கிளில் போய்
நீடாமங்கலத்திலிருந்து
கோணியில் வெறும் ஈரத்தோடு வந்தார்.

சாராயத்தில் கிடந்ததால் டி.என்.ஏ. பிழைத்தது.
ஆர்.என்.ஏ. போய்விட்டது.
எந்த ஜீன்கள் இருந்தன என்று சொல்லிவிடலாம்,
அந்த மாலையில்
எவை பேசிக்கொண்டிருந்தன என்று இனித் தெரியாது.
சீசாக்களைத் துடைத்து அடுக்கினோம்.
வெளியே தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன.

"மருந்து அடிக்கட்டுமா?" என்கிறார் தைரியநாதன்.
"சிலந்தி இருக்கிறது பாருங்கள்,
அடித்தால் முதலில் அதுதான் சாகும்.
பதினைந்தே நாளில் இவை இரட்டிப்பாய் வரும்."
"சிலந்தியா மேடம் வட்டி கட்டும்?"

இதற்குப் பதில் என் ஆய்வேட்டில் இல்லை.
அவர் அடித்தார்.
நான் வரப்பில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி, பழைய ரெக்கார்டு பிளேயர் முள்ளைக்
கூண்டிலிருக்கும் ஒரு நெல்தண்டில் பொருத்தி
ஹெட்போனைப் போட்டுக்கொள்கிறேன்.
அவள் வயிற்றை அதிர்க்கிறாள்.
வாரை இழுத்துக் கட்டிய பிறகு தவில்காரர்
விரல் நுனியால் ஒருமுறை தட்டிப் பார்ப்பாரே,
அந்த அளவுதான்.
நிற்கிறாள். மறுபடியும்.
எங்கோ கீழேயிருந்து ஆணின் பதில்,
தண்ணீரைத் தொடுகிற கணுவிலிருந்து.

பக்கிரிசாமியும் வாங்கிக் கேட்டார்.
"நம்மளப் பத்தி ஒண்ணும் சொல்லலியே," என்றார்.

சாறு இருக்கிறவரை குட்டைச் சிறகு.
பறக்க முடியாது. முட்டை அதிகம்.
பயிர் வற்றத் தொடங்கினால்
அடுத்த தலைமுறைக்கு நீளச் சிறகு.
எந்த ஜீன் அதை முடிவு செய்கிறது என்று தெரிந்துவிட்டது.

மேட்டூர் திறக்காத ஒரு வருடம்
வெளிநாட்டிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது.
நல்ல ஆய்வகம், நல்ல சம்பளம்.
எழுந்து நின்று முதுகைத் தடவிப் பார்த்தேன்.

விளக்குப்பொறியில் இன்று நானூற்றுப் பன்னிரண்டு.
முக்கால்வாசி நீளச் சிறகு.
காற்று தெற்கே திருத்துறைப்பூண்டிப் பக்கமாக.
நாளைக்கு யார் போன் அடிப்பார்கள் என்று
தோராயமாகத் தெரியும்.