மேல்வரிசை

படிவத்தில் தொழில் என்ற கோட்டில்
ஹொக்கி என்று எழுதி
பிறகு அதன்மேல் ஒரு வெட்டு.
வயது முப்பத்தேழு.
நான் புல்லை நினைத்தேன்:
வளைந்த மட்டை, வெயில்,
சனிக்கிழமைப் பள்ளிக்கூடப் பெட்டைகள்.

"ஐஸ் ஹொக்கி, டொக்டர்" என்றார் கேதாரநாதன்.
ஸ் அவருடைய வாயில் நிற்கவில்லை.
முன்பற்கள் நான்கு இருந்த இடைவெளியால்
சறுக்கி வந்து
என் கண்ணாடியில் விழுந்தது.

ஹம்டன் ஒழுங்கை, இரண்டாம் மாடி.
கீழே வடைக்கடை.
காலி வீதியில் பஸ் ஒவ்வொன்றும் ஹோர்ன் அடிக்க
துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் அசையும்.
கனடாவில் ஒரு பல்லுக்குக் கேட்கிற காசுக்கு
இங்கே வரிசை முழுவதும், போக வர ரிக்கெற்றும்;
கணக்குப் பார்த்துத்தான் வந்தாராம்.
ஊர்ப்பாசம் ஒன்றுமில்லை என்று
கேட்காமலே சொன்னார்.

வாயைத் திறந்தார்.
முப்பது வருஷமாக வாய்களைப் பார்க்கிறேன்.
வெற்றிலை, சீனி, பயம்,
ஒருமுறை துவக்குப் பிடியும்.
இது வேறு. இது
சம்பளத்துக்கு உடைந்த வாய்.

முதலாவது மட்டையில் போனது,
பத்தொன்பது வயதில், பெயர் மறந்த ஓர் ஊரில்,
பதினாலு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்த பிறகு.
இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே இரவில்.
குத்தியவன் அடுத்த பருவம்
இவருடைய அறையில்தான் தங்கினானாம்.
நல்லவன், நன்றாகச் சமைப்பான்.
நாலாவதைச் சொல்ல வந்தபோது
வாய்க்குள் என் விரல்கள்.
பிறகு நானும் கேட்கவில்லை.

"கோல் அடிக்கிறதோ உங்கட வேலை?"
தலையை ஆட்டினார், இல்லை.
எங்கட ஆளை அடிக்க வருகிறவனை
அடிக்கிறது.
பதின்மூன்று வருஷம். ஒன்பது கோல்.
மேல் லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்:
ஏழு நிமிஷம், நாற்பது செக்கன்.

அதற்கென்று ஒரு ஜேர்சி தைத்தார்கள்.
தமிழில் ஆறெழுத்துப் பெயர்
அவர்கள் எழுத்தில் பதின்மூன்று,
ஒரு கக்கத்தில் தொடங்கி மறு கக்கத்தில் முடிந்தது.
நாலு ஏ வேண்டும். பெட்டியில் மூன்றுதான்.
நாலாவதை யாரோ வெள்ளை ரேப்பில் வெட்டி ஒட்ட,
முதல் மோதலிலேயே கழன்று
எதிராளியின் கையுறையோடு போய்விட்டது.
"இன்னும் அவன்ட வீட்டில கிடக்கும்."
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
உதடு மரத்திருந்தது.

நிற அட்டையை நீட்டினேன், எந்த வெள்ளை?
"ஐஸ் மாதிரி வைப்பம் சேர்" என்றாள் திலினி,
விளக்கைத் திருப்பியபடி.

ஐஸ் வெள்ளையில்லை, என்றார்.
அது கண்ணாடி. கீழே வெறும் சீமெந்து.
பருவம் தொடங்க முன் தண்ணீரில் வெள்ளைப் பெயின்ற் கலந்து அடிப்பார்கள்,
அதன்மேல் கோடுகள்,
அதன்மேல் திரும்பத் தண்ணீர்.
இரத்தம் சிந்தினால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு
கொஞ்சம் ஊற்றுவார்கள்.
"ரெண்டு நிமிஷம். ஒண்டும் தெரியாது."

நான் ஏ-மூன்றை எடுத்தேன்,
தேத்தண்ணி குடிக்கிற மனிதரின் வெள்ளை.

பொருத்திய அன்று மின்சாரம் நின்றது.
திலினி கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க
கடியுங்கோ, அரையுங்கோ, இன்னொருக்கால் கடியுங்கோ.
நீலத்தாளில் கடி நேராக விழுந்திருந்தது.
தாடை மட்டும் இடப்பக்கம் சற்று ஒதுங்கியே நின்றது,
அடிக்கு முன்னமே விலகுவதுபோல.
விட்டுவிட்டேன்.

"எதையாவது சொல்லுங்கோ, ஸ் நிற்குதோ பார்ப்பம்."
யோசித்தார்.
கீழே ஒருவன் தெஹிவளை தெஹிவளை என்று
தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தான்.

"பஸ்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, தனக்கு மட்டும்,
"பஸ்."