பேர் போன புத்தகம்

பன்சோடான் தெரு நடைபாதையில்
மழைக்குத் தார்ப்பாய் இழுத்துக்கொண்டே
கோ தெய்ன் ஸா என்னைப் பார்த்துச் சிரித்தால்
மூட்டைக்குள் எனக்கொன்று வைத்திருக்கிறான் என்று பொருள்.

மற்றவர்கள் முதற்பதிப்பு தேடுகிறார்கள், பழைய வரைபடம் தேடுகிறார்கள்.
நான் தேடுவது உள்ளட்டையில் ஒட்டிய சீட்டு.
கன்றுத்தோல் அட்டை, முகப்பில் பள்ளி முத்திரை,
மூன்று பக்கமும் பொன் பூசிய விளிம்பு,
உள்ளே, யாரோ ஒரு கன்னியாஸ்திரீ
மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிய பெயர்.
கதை என்ன, எழுதியது யார்,
கவனிப்பதில்லை.

அறுபத்திரண்டு சேர்ந்துவிட்டன.
வேதபாடத்துக்குப் பதினொன்று. ஊசிவேலைக்கு ஏழு.
கணக்கில் பரிசு வாங்கியவன் பின்னட்டையில்
யாருக்கோ கொடுத்த கடனைத் தப்பாகக் கூட்டியிருக்கிறான்.
'ஒரு நாளும் தவறாத வருகைக்காக', 1941:
அதை மட்டும் மேல்தட்டில் தனியே வைத்திருக்கிறேன்.

என் காலத்தில் பள்ளிப் பரிசென்றால் சோப்புப்பெட்டி.
அதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.
அடுத்தவர் கெட்டிக்காரத்தனத்தைக்
கியாட் எண்ணிக் கொடுத்து வாங்குகிறேன்.
பாட்டரிக் கடைக்காரனுக்கு இது தேவையா
என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள் நாகவல்லி.
தோலுக்குத் தடவும் எண்ணெய்
கைலியில் படாமல் இருந்தால் போதும் அவளுக்கு.

நேற்று அறுபத்து மூன்றாவது.
சிவப்புத் தோல். 1936. ஏழாம் வகுப்பு.
நன்னடத்தை, முதல் பரிசு.
பாதி விலைதான் சொன்னான்.
'பேர் கெட்டுப்போச்சு அண்ணே'
என்றான் அரைகுறைத் தமிழில், சீட்டைக் காட்டி.
ஒரு பெயரைப் பிளேடால் சுரண்டிவிட்டு
அந்தப் புண்ணின் மேலேயே இன்னொரு பெயர்:
மா கின் யீ.
மை கசிந்து எழுத்துக்குத் தாடி முளைத்திருந்தது.

'பேர் போன புத்தகம்தான்' என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை. மீதிச் சில்லறை கொடுத்தான்.

இரவு கரண்ட் போனதும்
விற்பனைக்கு வைத்த விளக்கொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து
சீட்டின்மேல் சாய்த்துப் பிடித்தேன்.
மையைச் சுரண்டியவளுக்கு
பேனா அழுத்திய பள்ளத்தைச் சுரண்டத் தெரியவில்லை.
ஆங்கில எழுத்துகள்தாம், ஆனாலும்
வரிசையில் நின்றது நம் வீட்டுப் பெயர்:
பச்சை…
அதற்குமேல் காகிதம் நார்நாராய்க் கிழிந்திருந்தது.
பச்சைநாயகியா? பச்சையம்மாளா?

நன்னடத்தைக்குப் பெயர் எழுதிய நாளுக்கும்
மேடையேறிப் பரிசு வாங்கும் நாளுக்கும் நடுவே
ஒரு வாரம் இருந்திருக்குமா?
அந்த ஒரு வாரத்தில் என்னடி செய்தாய்?
யாரை, முகத்துக்கு நேரே, என்ன சொன்னாய்?
மதிலேறினாயா?
ஜபத்தின் நடுவே சிரித்துவிட்டாயா?
இல்லை, நீ ஒன்றுமே செய்யாமல்
உன் அப்பன் சம்பளம் பாக்கி வைத்தானா?

தோளுக்குப் பின்னால் நாகவல்லி எட்டிப் பார்த்தாள்.
'அந்தப் பொண்ணு நல்லாத்தான் இருந்திருக்கும்' என்றாள்.
நடத்தையைச் சொன்னாளா, வாழ்ந்ததைச் சொன்னாளா,
கேட்பதற்குள் கொசுவலைக்குள் போய்விட்டாள்.

மா கின் யீ படிக்கவே இல்லை.
பொன்விளிம்பு ஒட்டிக்கொண்டு
பக்கங்கள் ஒரே கட்டியாக இருந்தன.
நகத்தை நுழைத்துப் பிரித்தேன்,
அப்பளம் நொறுங்கும் சத்தம்.
படத்தில் ஒரு கப்பல், யாருமில்லாத மேல்தளம்.

பட்டியல் நோட்டில் 'பெற்றவர்' என்ற கட்டத்தில்
பச்சை என்று எழுதிப் பேனாவைத் தூக்கிக்கொண்டேன்.
கரண்ட் வந்தது.
விளக்கை நன்றாகத் துடைத்து
பெட்டிக்குள் வைத்து ஒட்டினேன்,
காலையில் புதிதென்று விற்க.